நெக்கார் நதிக்கரையில் ஒரு பகல்

வெளிநாட்டில் வாழும் உறவினரைப் பார்க்கப் போகும் எமது குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களைத்தான் நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. ஒன்று, உறவினர் வீட்டுக் குசினி. மற்றது, கடைத்தெரு. பெட்டி நிறைய சொக்லட்டும் சவர்க்காரமும் வந்து சேரும். போன நாட்டைப் பற்றிக் கேட்டால், “நல்ல குளிர்” என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. பூமியிலே சென்று முன்னையவர்களின் முடிவைப் பார்த்துப் படிப்பினை பெறும்படி ஏவப்பட்ட சமுதாயம் நாம். பயணம் வாய்க்கும்போது ஒரு நாளையாவது ஓர் ஊரை வாசிப்பதற்காக ஒதுக்குவது நல்லது. பிள்ளைகளையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாசிப்பது அதனினும் நல்லது.

அப்படி நாம் வாசித்த ஊர் ஹைடல்பேர்க். ஜேர்மனியின் தென்மேற்குப் பகுதியில், நெக்கார் நதி மலையிடுக்கை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் வாயிலில் இருக்கிறது. சனத்தொகை சுமார் 160,000. அவர்களுக்கிடையில் ஏறக்குறைய 30,000 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். மலைச்சரிவில் இடிந்த கோட்டை, கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், அதற்கும் கீழே கற்பாலம், நதி. படத்தில் பார்த்தவர்களுக்கு இவ்வளவும் தெரியும். படத்தில் தெரியாத சிலவற்றை வாசகச் சகோதரிகளுக்குச் சொல்வதற்கே இதை எழுதுகிறேன்.

என் ராத்தா குடும்பம் ஸ்டுட்கார்ட் நகரில் இருபத்தைந்து வருடங்களாக இருக்கிறது. சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே போயிருந்தோம். நாம் போய் இறங்கிய அதே வாரத்தில் ராத்தாவின் மகளுக்கு ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்தது. வீட்டில் சந்தோஷம் ஒரு பகல்தான் நீடித்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மச்சான் மெதுவாகக் கேட்டார்: “மௌலவி, பொம்புளப் புள்ள தனிய ஓர் ஊர்ல இரிந்து படிக்கிறதப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?” ராத்தா ஒன்றும் பேசவில்லை. கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். மருமகள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

பெண்ணின் பயணம் பற்றியும் பாதுகாப்பான வழி, நம்பிக்கையான பெண்களின் துணை என்பன பற்றியும் இமாம்கள் எழுதியவற்றை நாம் அன்றிரவு நிதானமாகப் பேசினோம். ஆனால், மச்சான் கேட்டது முழுக்க முழுக்க மார்க்கத் தீர்ப்பு அல்ல என்பது எனக்குப் பட்டது. “முதலில் எல்லாரும் போய் அந்த ஊரைப் பார்ப்போம். பார்க்காத ஊருக்குப் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம்” என்றேன். மறு சனிக்கிழமை ஏழு பேரும் ஒரு வேனில் புறப்பட்டோம்.

ஒரே நதி

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹைடல்பேர்க் ஏறத்தாழ 120 கிலோ மீற்றர். ராத்தா விடியற்காலையிலேயே எழும்பிப் பராட்டா, இறைச்சிப் பொரியல், அவித்த முட்டை, சீனிச் சம்பல், ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீர் என்று கட்டி வைத்திருந்தார். துருக்கியர் கடைகள் அந்த நாட்டின் எல்லா நகரங்களிலும் உள்ளபடியால் ஹலால் சாப்பாட்டுக்குத் தட்டில்லை. இருந்தாலும் ஏழு பேர் கடையில் சாப்பிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பது ராத்தாவின் கணக்கு.

கறுங்காட்டில் பிறக்கும் நெக்கார், ஸ்டுட்கார்ட்டைத் தொட்டு, ஹைல்புரோன் நகரைக் கடந்து, ஹைடல்பேர்க் வழியாகப் போய், மன்ஹைம் நகரில் ரைன் நதியோடு சேருகிறது. மகள் போக நினைக்கும் ஊருக்கு உம்மாவின் ஊர்த் தண்ணீர்தான் போகிறது. இதை என் மனைவி ராத்தாவிடம் சொன்னார். “தண்ணி போகும் மைனி, திரும்பி வருமா?” என்று ராத்தா கேட்டார். வேனுக்குள் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தாய் வீட்டை எரித்த கலியாணம்

பழைய நகரின் கோர்ன்மார்க்ட் என்ற சதுக்கத்திலிருந்து மலை ரயில் ஏறுகிறது. கம்பி வடத்தால் இழுக்கப்படும் இந்த ரயிலின் கீழ்ப்பகுதி 1890இல் திறக்கப்பட்டது. கோட்டைக்கான அனுமதிச் சீட்டிலேயே அதற்கான கட்டணமும் அடங்கிவிடுகிறது. முழங்கால் வருத்தமுள்ள ராத்தாவுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. சில நிமிடங்களில் கோட்டை வாசலில் இறங்கினோம்.

சிவந்த மணற்கல்லால் ஆன அந்தக் கோட்டை பல தலைமுறைகளாக பலட்டினேட் என்ற நாட்டின் சிற்றரசர்கள் வாழ்ந்த இடம். இன்று பாதிக்கு மேல் இடிபாடு. ஒரு கோபுரம் நடுவே பிளந்து, அதன் ஒரு பாதி அப்படியே அகழிக்குள் சரிந்து கிடக்கிறது. அதன் சுவர் சுமார் 6 மீற்றர் தடிப்பு. “இவ்வளவு தடிப்பான சுவர் எப்படி வாப்பா உடைஞ்சது?” என்று என் சின்னவன் கேட்டான். வெடிமருந்து வைத்து உடைத்தார்கள். ஏன் உடைத்தார்கள் என்பதற்கு ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

1652இல் இந்தக் கோட்டையில் பிறந்தவர் எலிசபெத் ஷார்லொட். மக்கள் செல்லமாக லிசெலொட்டே என்பார்கள். பத்தொன்பது வயதில், 1671இல், பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் தம்பிக்கு அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் இடையில் சமாதானம் நிலைக்கும் என்பது தகப்பனின் எண்ணம். அந்தக் கலியாணத்துக்காகப் பெண் தன் புரட்டஸ்தாந்து சமயப் பிரிவை விட்டுக் கத்தோலிக்கராக வேண்டியிருந்தது. நடந்தது வேறு. 1685இல் அவருடைய சகோதரர் பிள்ளையில்லாமல் இறந்தபோது, தம்பி மனைவியின் சொத்துரிமை என்று சொல்லிக்கொண்டு லூயி மன்னர் இந்த நாட்டில் பங்கு கேட்டார். 1688இல் படை வந்தது. 1689இலும் 1693இலும் ஹைடல்பேர்க் எரிக்கப்பட்டது. கோட்டை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

தன் பெயரைச் சொல்லியே தன் தாய் வீட்டை எரிக்கிறார்கள். பெண்ணோ அந்த எரித்தவர்களின் அரண்மனையிலேயே வாழ்கிறார். அவர் வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். பிரெஞ்சு அரண்மனையில் இருந்துகொண்டு உறவினருக்குத் தன் தாய்மொழியான ஜேர்மன் மொழியில் எழுதினார். கண்ணை மூடினால் பிறந்த ஊரின் அழிவே முன்னால் வந்து நித்திரையைக் குலைக்கிறது என்று அந்தக் கடிதங்களில் ஒன்றில் அவர் வருந்தியிருக்கிறார்.

மருமகள் அங்கிருந்த விளக்கப் பலகையை ஜேர்மனில் வாசித்து, தன் உம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். ராத்தா அந்தப் பிளந்த கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “அவ கடிதமாவது எழுதினா” என்றார்.

அதற்கு அந்த நேரத்தில் எனக்குப் பொருள் விளங்கவில்லை.

பீப்பாவும் சுருமாவும்

கோட்டையின் நிலவறையில் 1751இல் செய்த ஒரு பெரிய மரப் பீப்பா இருக்கிறது. 130 ஓக் மரங்களை வெட்டிச் செய்தார்களாம். சுமார் 220,000 லீற்றர் கொள்ளும். குடியானவர்கள் வரியாகக் கொடுத்த திராட்சை மதுவை எல்லாம் ஒன்றாக ஊற்றி வைத்த பீப்பா அது. அதன் மேலே ஏறிப் போகப் படிக்கட்டு இருக்கிறது. இப்பொழுது வெறும் பீப்பாதான். எதிரில் பெர்க்கியோ என்ற குள்ளமான காவற்காரரின் சிலை. வாழ்நாள் முழுவதும் மதுவையே குடித்தவர், ஒரு நாள் வைத்தியர் சொன்னபடி தண்ணீர் குடித்ததால் இறந்து போனார் என்று அந்த ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். “மனுசன எது கொண்டதெண்டு குடிகாரனக் கேட்டா வேற என்னத்தச் சொல்வான்?” என்றார் மச்சான்.

கோட்டைக்குள்ளேயே மருந்தக அரும்பொருட்காட்சி ஒன்று 1957 முதல் இயங்கி வருகிறது. எங்களுக்கு அதிகம் பிடித்த இடம் அதுதான். பழைய மருந்துக் கடைகளின் மர அலுமாரிகள், பெயர் எழுதிய பீங்கான் சாடிகள், உரல்கள், வடிகலங்கள் என்று அறை அறையாக வைத்திருக்கிறார்கள். வைத்தியம் படிக்கப் போகும் மருமகள் அங்கேதான் முதன்முதலாக அன்று வாய் திறந்து சிரித்தாள். அவள் ஜேர்மன் பெயர்களை வாசிக்க, நான் அவற்றின் அரபு வேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். வடிகலத்தை அவர்கள் அலெம்பிக் என்பார்கள். அது அரபியில் அல்-அன்பீக். பாணி மருந்தை சிரப் என்பார்கள்; அது ஷராப், குடிபானம். அல்கலி என்பது அல்-கலீ. எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை அல்கஹோல். அது அல்-குஹ்ல், எமது உம்மும்மாமார் கண்ணுக்கு இட்ட சுருமா. மிக நுண்ணிய தூளுக்கு வைத்த பெயர், பிறகு வடித்தெடுத்த சாரத்துக்கு ஆகி, கடைசியில் பீப்பாவுக்குள் போய் விழுந்துவிட்டது.

இப்னு ஸீனாவின் ‘அல்-கானூன்’ 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலேதோ நகரில் இலத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் மருத்துவப் பாடநூலாக இருந்தது என்பதையும் அவளிடம் சொன்னேன். “அப்ப நான் படிக்கப்போறது எங்கட வீட்டுச் சாமான்தான் மாமா” என்றாள். முழுவதும் அப்படியல்ல என்றேன். எம்மவர்கள் கிரேக்கரிடமும் இந்தியரிடமும் கற்றார்கள். ஐரோப்பியர் எம்மவரிடம் கற்று, அதற்கு மேல் மிகவும் அதிகமாகச் சேர்த்தார்கள். கொடுத்ததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் வாங்க வேண்டியது தவறிவிடும்.

கோட்டைத் தோட்டத்தில் மர நிழல் பார்த்துப் பாயை விரித்தோம். ஒரு முதிய ஜேர்மன் பெண் பக்கத்து வாங்கிலிருந்து தன் பையை நகர்த்தி, ராத்தாவை வந்து உட்காரும்படி கையால் சைகை செய்தார். பயணத் தூரமாகையால் ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். இலங்கையிலே மேற்கும் சற்று வடக்குமாக நோக்கி நிற்கும் எமக்கு அங்கே கிப்லா தென்கிழக்கு. திசை மாறியதில் என் சின்னவனுக்கு அளவில்லாத ஆச்சரியம். பூமியுருண்டையைப் பற்றி நான் வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு விளங்கியிராது.

தோட்டத்தின் ஒரு மூலையில் ஒரு தோரண வாயில் தனியே நிற்கிறது. 1615இல் ஐந்தாம் பிரடெரிக் என்ற இளவரசர் தன் மனைவி எலிசபெத்துக்காகக் கட்டினார். அவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். மனைவியின் பிறந்த நாளுக்காக ஒரே இரவில் கட்டி முடித்தார் என்பது கதை. ஆனால், 1619இல் பொஹீமியாவின் கிரீடத்துக்கு ஆசைப்பட்டு அடுத்த வருடமே தோற்று, அந்தக் கணவனும் மனைவியும் நாடிழந்து போனார்கள். லிசெலொட்டே அவர்களுடைய பேத்திதான்.

கழுதைகளில் போன நூலகம்

கீழே இறங்கிச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்தோம். நடுவில் பரிசுத்த ஆவித் தேவாலயம். ஒரு காலத்தில் அதன் மேன்மாடங்களில் பலட்டினா என்ற பெயர் பெற்ற நூலகம் இருந்தது. 1622இல் கத்தோலிக்கப் படை நகரைப் பிடித்தபோது, வென்றவர்கள் அந்த நூலகத்தைப் பாப்பரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். 1623இல் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் அச்சு நூல்களும் பெட்டிகளில் கட்டப்பட்டு, கோவேறு கழுதைகளில் ஏற்றி அல்ப்ஸ் மலையைத் தாண்டி உரோமாபுரிக்குப் போயின. அவற்றுள் 847 ஜேர்மன் மொழிக் கையெழுத்துப் பிரதிகள் 1816இல் திரும்பி வந்தன. பெரும்பாலானவை இன்றும் வத்திக்கானில்தான் இருக்கின்றன.

கிதாபுகளோடு வாழ்கிற எனக்கு இதைக் கேட்டதும் நெஞ்சு கனத்தது. பாக்தாத் நூல்கள் திக்ரீஸ் நதியில் போன கதையை மத்ரஸாவில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறோம். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை எமது தலைமுறை மறக்கவில்லை. கழுதையில் போனது என்றோ ஒரு நாள் திரும்பி வரலாம். நெருப்பில் போனது திரும்புவதில்லை.

அதே தேவாலயத்துக்குள் இன்னொரு செய்தியும் உண்டு. கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒன்றாக இருக்க முடியாமல், 1706இல் நடுவே சுவர் எழுப்பிக் கட்டடத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தச் சுவர் கடைசியாக எடுக்கப்பட்டது 1936இல்தான். எமது கிராமங்களிலும் ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல்கள் எழுந்து நிற்கும் காரணங்களை அறிந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எதிரில் 1592இல் ஒரு துணி வியாபாரி கட்டிய வீடு. 1693 நெருப்பில் நகரமே எரிந்தபோது தப்பி நின்ற மிகச் சில வீடுகளில் அது ஒன்று. “புடவைக்கடைக்காரன் எந்த ஊர்லயும் தப்பிப்பான்” என்று தானும் ஒரு புடவைக்கடைக்காரரின் மகனான மச்சான் பெருமைப்பட்டார்.

படிப்பும் சிறையும்

பிரதான வீதி ஒன்றரை கிலோ மீற்றருக்கு மேல் நீளம்; வாகனங்கள் வராது. பிள்ளைகளை விட்டுவிட்டு நிம்மதியாக நடக்கலாம். வழியில் 1863 முதல் செய்துவரும் ஒரு சொக்லட் தின்பண்டம் விற்கிறார்கள். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகள் காவல் ஆசிரியைமாரோடுதான் வெளியே வருவார்களாம். பேச வழியில்லாத மாணவர்கள் இந்தச் சொக்லட்டைக் கொடுத்து மனதைத் தெரிவிப்பார்களாம். அதன் பெயரை இந்தச் சஞ்சிகையில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. கதையைக் கேட்ட ராத்தா மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் வானத்தைப் பார்த்தாள்.

இந்தப் பல்கலைக்கழகம் 1386இல் ஆரம்பமானது. இன்றைய ஜேர்மனியில் இதுதான் ஆகப் பழையது. பழைய கட்டடத்தின் பின்பக்கம் ‘மாணவர் சிறை’ இருக்கிறது. 1778 முதல் 1914 வரை, இரவில் சத்தம் போட்ட, குடித்துவிட்டுக் கலாட்டா செய்த, பொலிஸ்காரரை அவமதித்த மாணவர்களைப் பல்கலைக்கழகமே அங்கே அடைத்து வைத்தது. விரிவுரை நேரத்துக்கு மட்டும் விடுவார்கள். உள்ளே இருந்தவர்கள் சுவரெல்லாம் தங்கள் பெயரையும் உருவத்தையும் கரியாலும் வர்ணத்தாலும் வரைந்து வைத்திருக்கிறார்கள். “வாப்பா, உங்கட மத்ரஸாவிலயும் இப்படி ஒண்டு கட்டலாமே” என்றான் சின்னவன். கட்டினால் முதல் பெயர் யாருடையது என்று அவனுடைய ராத்தா சொல்லிவிட்டாள்.

ஆனால், அந்தச் சுவர்களில் இருப்பவை எல்லாம் ஆண்களின் பெயர்கள் என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தார். 1386இல் திறந்த கதவு பெண்களுக்கு முறையாகத் திறந்தது 1900இல். ஐந்நூற்றுப் பதினான்கு வருடங்கள்! அதுவும் ஜேர்மன் அரசுகளிலேயே முந்திக்கொண்டது இந்தப் பாடன் அரசுதான். அதற்கு முன்னர் ரஷ்யக் கணித மேதை சோஃபியா கொவலெவ்ஸ்கயா 1869இல் இங்கே வந்தபோது, விசேட அனுமதி பெற்று வகுப்பில் இருந்து கேட்க மட்டுமே முடிந்தது. எங்கள் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல் ஆரம்பமானது. ஃபெஸ் நகரின் கரவிய்யீன் கல்விக்கூடத்தை 859இல் நிறுவியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண்மணி என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. இந்த நான்கு வருடங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், பெண் கல்வியில் யார் யாரை விட முந்தியவர், யார் எப்போது பின்தங்கினார் என்பது விளங்கும்.

நதிக்கரையில் இக்பால்

மாலையில் கற்பாலத்துக்கு வந்தோம். முன்னிருந்த பாலத்தை 1784ஆம் வருடத்துப் பனிக்கட்டி வெள்ளம் கொண்டுபோனதால், இந்தப் பாலம் 1788இல் கட்டி முடிக்கப்பட்டது. 1945 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் படை நெருங்கியபோது பின்வாங்கிய ஜேர்மன் இராணுவமே இதன் வளைவுகளைத் தகர்த்தது. போர் முடிந்து, பசி தீராத அந்த நாட்களிலேயே நகர மக்கள் பணம் சேர்த்து 1947இல் திரும்பக் கட்டினார்கள். பால வாசலில் கண்ணாடி பிடித்திருக்கும் வெண்கலக் குரங்கு ஒன்று உண்டு. கண்ணாடியைத் தொட்டால் செல்வம் வரும், விரல்களைத் தொட்டால் திரும்ப இந்த ஊருக்கு வரலாம் என்பார்கள். “தொட்டா பணம் வரும் எண்டா இந்த ஊர்ல வாடகை வீடே இரிக்காதே மாமா” என்றாள் மருமகள். குரங்கைப் பற்றி நான் ஒரு பயானும் செய்யத் தேவைப்படவில்லை.

பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போனோம். கரையோரமாக நொயன்ஹைமர் லாண்ட்ஸ்ட்ராஸ என்ற தெருவில் 58ஆம் இலக்க வீட்டில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1907ஆம் வருடக் கோடையில் அல்லாமா முஹம்மத் இக்பால் இந்த ஊரில் தங்கி ஜேர்மன் மொழி கற்றார். அப்போது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, பாரசீகத் தத்துவம் பற்றிய ஆய்வுக்கு மியூனிக் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெறுவதற்கு அந்த மொழி தேவைப்பட்டது. பெற்றதும் அதே வருடத்தில்தான். அவருக்கு மொழி கற்பித்தவர் எம்மா வெகெனாஸ்ட் என்ற பெண் ஆசிரியை. காலையில் நாம் கடந்து வந்த ஹைல்புரோன் ஊரைச் சேர்ந்தவர். நாடு திரும்பிய பின்னும் இக்பால் தம் ஆசிரியைக்குக் கடிதங்கள் எழுதினார். நெக்கார் கரையில் ஒரு மாலை நேரத்து அமைதியைப் பற்றி அவர் பாடிய சிறு உருதுக் கவிதை 1924இல் வெளிவந்த ‘பாங்கே தரா’ தொகுப்பில் இருக்கிறது. நதியோரத் தெரு ஒன்றுக்கு அந்த நகரம் அவருடைய பெயரைச் சூட்டியிருக்கிறது.

இந்த ஊருக்கும் கீழைத்தேயத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. பாரசீகக் கவி ஹாஃபிஸை வாசித்து உருகிய ஜேர்மன் மகாகவி கோதே, அந்த உந்துதலில் பாடிய ‘மேற்குக் கிழக்குத் திவான்’ 1819இல் வெளியானது. அதில் ஸுலைகா என்ற பெண் பேசுவதாக வரும் பாடல்களில் சிலவற்றை எழுதியவர் உண்மையில் ஒரு பெண்ணே. பெயர் மரியான்னே ஃபொன் வில்லெமர். 1815 செப்டெம்பரில் கோதேயும் மரியான்னேயும் அவருடைய கணவரும் ஹைடல்பேர்க்கில் சந்தித்தார்கள். அந்தப் பாடல்கள் தன்னுடையவை என்று மரியான்னே உலகுக்குச் சொல்லவில்லை. 1860இல் அவர் இறந்து, 1869இல்தான் உண்மை வெளியானது. கோதேயின் அந்தத் திவானுக்குக் கிழக்கிலிருந்து மறுமொழியாக இக்பால் எழுதியதே 1923இல் வெளிவந்த ‘பயாமே மஷ்ரிக்’. ஹாஃபிஸ் பேசினார், கோதே கேட்டார். கோதே பேசினார், இக்பால் கேட்டார். இடையில் ஒரு பெண்ணின் குரல் ஐம்பது வருடம் பெயரில்லாமல் கிடந்தது.

ராத்தா சொன்னது

நதிக்கரை வாங்கில் இருந்து மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்தோம். எதிர்க்கரையில் கோட்டை மீது வெயில் சிவந்திருந்தது. பிள்ளைகள் வாத்துகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அப்போதுதான் ராத்தா பேசினார்.

“தம்பி, புள்ள படிக்கிறதுல எனக்கு விருப்பமில்லயெண்டு நெனச்சிராத. கெட்டுப் போயிடுவாளெண்டும் நான் பயப்படல்ல. நான் இந்த நாட்டுக்கு வந்து இருவத்தஞ்சு வருசம். எனக்குப் பாஷ வராது. ஆறு வயசுல என்னோட ஆஸ்பத்திரிக்கு வந்து டொக்டர் சொல்றத எனக்குச் சொன்னவ இவதான். பேங்க், ஸ்கூல், பக்கத்து வீடு, எல்லாத்துக்கும் இவதான் எனக்கு நாக்கு. இவ போனா நான் ஊமையாப் போயிருவன். அந்த இளவரசியாவது பிறந்த பாஷையில கடிதம் எழுதினா. இவளுக்கு நான் எழுதினா வாசிக்கக் கூடத் தெரியாது. தமிழ் பேசுவா, எழுத்துத் தெரியாது.”

காலையில் கோபுரத்தைப் பார்த்து அவர் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். இரவு வேலை, பகல் நித்திரை என்று ஓடிய மனிதர் அவர். தன் மனைவி வீட்டுக்குள் மொழியில்லாமல் இருந்த இருபத்தைந்து வருடத்தை அவர் கணக்கெடுத்திருக்கவில்லை.

மருமகள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உம்மா, வெள்ளிக்கிழம பின்னேரம் நான் வீட்டுல நிப்பன். ரயில் ஒரு மணித்தியாலம் எடுக்காது. ஆனா ஒண்டு, நீங்க பாஷ வகுப்புக்குப் போகணும். நான் தமிழ் எழுத்துப் படிக்கிறன். ரெண்டு பேரும் பரீட்ச எழுதுவம்.”

இந்தப் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் தெற்காசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது என்பதையும், உருது, ஹிந்தி போன்ற மொழிகளோடு தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நான் சொன்னேன். ஜேர்மானியர் பலர் எமது எழுத்தைக் காசு செலவழித்துப் படிக்கிறார்கள். எமது பிள்ளைக்கு அது வீட்டிலேயே உம்மாவின் கையில் இருக்கிறது. முப்பது வயதை நெருங்கிய இக்பால் ஒரு பெண்ணிடம் மாணவராக அமர்ந்து மொழி கற்றபோது அவருடைய மதிப்புக் குறையவில்லை. ஐம்பது வயதில் ராத்தா கற்றாலும் குறையாது.

“அம்பது வயசுல என்னப் பாத்துச் சிரிப்பாங்க” என்றார் ராத்தா.

“நான் ஒங்கட தமிழ் எழுத்த எழுதுறதப் பாத்து நீங்க சிரிங்க” என்றாள் மகள்.

மச்சான் எழுந்து, “வகுப்பு இரிக்கிற நாள்ல நான் சமைக்கிறன்” என்றார். அவருடைய சமையலை அறிந்த நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை, நிசமாகத்தான் சொன்னார். இதை எழுதும் நாளில் மருமகள் பெண் மாணவிகள் மட்டும் தங்கும் வீடொன்றில் ஓர் அறை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். ராத்தா வாரம் இரண்டு காலை வகுப்புக்குப் போகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

குடும்பத்தோடு போகிறவர்கள் காலையில் நேரத்தோடு கோட்டைக்கு ஏறிவிடுங்கள். பின்னேரம் கூட்டம் அதிகம். கற்கள் பதித்த தெருக்களாகையால் குதி உயர்ந்த செருப்பு வேண்டாம். கோட்டைத் தோட்டம் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வசதியானது. வுழூவுக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். இரவு திரும்பும் வழியில் சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்பவர்கள், மிக அருகிலுள்ள மன்ஹைம் நகரின் யாவுஸ் சுல்தான் ஸெலீம் பள்ளிவாசலைப் பார்க்கலாம். 1995இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அது. ஒரு தேவாலயத்துக்கு எதிரே நிற்கிறது.

இலங்கையிலிருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்ப நினைப்பவர்களும் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். அந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்குத் தவணைக்கு 1,500 யூரோ கட்டணம் 2017இல் நடைமுறைக்கு வந்தது. சீவியச் செலவு வேறு. மொழி தெரியாமல் போனால் இரண்டும் வீண்.

பிள்ளையின் படிப்புக்கு நாம் “வேண்டாம்” என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் மார்க்கம் எவ்வளவு, ஊர்ப்பேச்சு எவ்வளவு, எமது தனிமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மார்க்கத்துக்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஊர்ப்பேச்சுக்குக் காதை மூடலாம். தனிமைக்கு மருந்து, அதை வாய் விட்டுச் சொல்வது. வீட்டில் உள்ள ஆண்கள் அதைக் கேட்பதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஜேர்மனி வரை போகத் தேவையில்லை. மகாவலிக் கரையும் போதும்.